கேள்விக்கு முன்பே எழுதப்படும் விடை: உள்ளூர்த் தேவை மதிப்பீட்டைத் திட்டமிடுவது பற்றி

1. சிக்கல்

ஓர் ஊராட்சியிலோ நகர்ப்புறக் குடியிருப்பிலோ ஒரு பணியைத் தொடங்கும் முன், அங்கு வாழ்பவர்களுக்கு என்ன தேவை என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அரசுத் துறைகள், தொண்டு நிறுவனங்கள், பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாள்பவர்கள், சமூகப்பணி பயிலும் மாணவர்கள் என எல்லோரும் தேவை மதிப்பீடு செய்கிறார்கள். அதற்கான கையேடுகளும் ஏறத்தாழ ஒரே வரிசையைத்தான் சொல்கின்றன. எல்லையை வரையறுக்க வேண்டும். இருக்கும் புள்ளிவிவரங்களைத் திரட்ட வேண்டும். வினாப்படிவம் தயாரிக்க வேண்டும். வீடுவீடாகவோ குழுக்களாகவோ மக்களைச் சந்திக்க வேண்டும். கிடைத்த தேவைகளை முன்னுரிமைப்படி அடுக்கி அறிக்கை எழுத வேண்டும். குறை சொல்ல முடியாத வரிசைதான். ஆனால் இதற்குள் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. தேவைகள் ஏற்கெனவே ஊரில் முழு வடிவில் கிடக்கின்றன, தகுந்த கருவியோடு போனால் சேகரித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்பதே அந்த அனுமானம்.

இந்த அனுமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கேட்பவர் யார், அவர் எதைத் தரக்கூடியவராகத் தெரிகிறார், எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், யார் முன்னிலையில் கேட்கிறார் என்பவையே விடையின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகின்றன என்று கருதப் போதிய சான்றுகள் உள்ளன. அப்படியானால் திட்டமிடுபவரின் உழைப்பு வினாப்படிவத்தைச் செதுக்குவதில் செலவாவதைவிட, அதற்கு முந்தைய முடிவுகளில் செலவாக வேண்டும். தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் அனுபவத்தை மையமாக வைத்தும், கேரளம், மேற்கிந்தியா, ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாகப்பட்டினம் ஆகியவற்றின் சான்றுகளை அருகில் வைத்தும் இந்த வாதத்தைப் பரிசோதிக்கலாம்.

2. தேவையின் நான்கு முகங்கள்

பிரித்தானியச் சமூகக் கொள்கை அறிஞர் ஜோனதன் பிராட்ஷா 1972இல் முன்வைத்த வகைப்பாடு இத்துறையில் இன்றும் புழங்குகிறது. வல்லுநர் ஓர் அளவுகோலை வைத்து இது இல்லை என்று சொல்வது ஒரு வகை. மக்கள் தாமே உணர்வது இரண்டாவது. உணர்ந்ததைக் கோரிக்கையாக வெளியே வைப்பது மூன்றாவது. ஒத்த நிலையிலுள்ள இன்னொரு ஊருக்குக் கிடைத்தது இந்த ஊருக்குக் கிடைக்காதது நான்காவது. இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால் சிக்கல் இல்லை, பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஒன்றிய அரசின் அந்த்யோதயா இயக்கம் ஊராட்சிதோறும் எடுக்கும் கணக்கெடுப்பு, வங்கி, பேருந்து வசதி, பள்ளி, துணைச் சுகாதார நிலையம் போன்றவை உண்டா இல்லையா என்று கேட்டு இடைவெளிகளைப் பட்டியலிடுகிறது. இது முதல் வகை. அதே ஊராட்சியின் கிராம சபையில் எழும் குரல் மூன்றாம் வகை. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து ‘மக்களின் தேவை’ என்று தலைப்பிடும் அறிக்கைகள் ஏராளம். எந்தத் தேவை யார் வாயிலாக வந்தது என்ற தடயமே அந்த அட்டவணையில் அழிந்துபோகிறது.

உணர்வதும் சொல்வதும்கூட நம்பத்தகுந்த அளவீடுகள் அல்ல என்பதற்கு அமர்த்திய சென் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு சான்று உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் அனைத்திந்தியச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் தம் உடல்நிலை சரியில்லை அல்லது அவ்வளவு நன்றாக இல்லை என்று சொன்னவர்கள் 48.5 விழுக்காடு, கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. அன்றைய வங்கத்தில் கைம்பெண்கள் ஆண்களைவிட அத்தனை மடங்கு நலமாக இருந்தார்கள் என்று யாரும் நம்பப்போவதில்லை. குறையைக் குறையென்று சொல்லிக்கொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது என்பதுதான் சென்னின் விளக்கம். கேள்வியில் பிழையில்லை, கணக்கெடுத்தவர்களும் ஏமாற்றவில்லை. இருந்தும் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு மருத்துவத் திட்டம் தீட்டினால், அது ஆண்களுக்கான திட்டமாகத்தான் முடியும்.

3. கணக்கெடுப்பிலிருந்து தரையில் வரைந்த வரைபடம் வரை

தமிழகத்தில் ஊரை ஆய்ந்தறியும் மரபு நூறாண்டைக் கடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பித் திரட்டிய விவரங்களை 1918இல் நூலாக்கினார். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. இவற்றுள் சிலவற்றை 1930களிலும் 1960களிலும் 1980களிலும் பிற ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்தார்கள். இருவேல்பட்டு 2008இலும் ஆராயப்பட்டது. நிலவுடைமை, கூலி, சாதி உறவு ஆகியவை தலைமுறைக் கணக்கில் எப்படி மாறின என்று காட்டுவதில் இத்தொடருக்கு ஈடு குறைவு. ஆனால் இவை அறிவதற்கான ஆய்வுகள். எதையேனும் செய்து தருவோம் என்ற வாக்குறுதியோடு போனவை அல்ல. அந்த வேறுபாடு முக்கியமானது. தேவை மதிப்பீட்டில் கேட்பவரின் பின்னால் எப்போதும் ஒரு பணப்பை தெரிகிறது, அல்லது தெரிவதாக ஊர் நினைத்துக்கொள்கிறது.

அலுவலர்களும் ஆய்வாளர்களும் ஊரைப் பார்க்கும் விதத்திலேயே உள்ள சாய்வுகளை ராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட நூல் தொகுத்துக் காட்டியது. தார்ச்சாலை ஓரத்து வீடுகளே அதிகம் பார்க்கப்படுகின்றன. ஏற்கெனவே திட்டம் நடக்கும் ஊருக்கே வண்டி திரும்புகிறது. ஆண்களும் செல்வாக்குள்ளவர்களும் உடல் நலமுள்ளவர்களும் மட்டுமே பேசக் கிடைக்கிறார்கள். மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை. கடைசிச் சாய்வு தமிழகத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் அடைத்துத் தெருவில் நீர் நிற்கும் கடைமடை ஊருக்குத் தையில் போகிறவர் காண்பது அறுவடைக் களத்தை. குடிநீர்த் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும் வைகாசியில் கல்லூரிகளுக்கு விடுமுறை. ஆக மாணவர் ஆய்வுகளின் கண்ணில் இரண்டுமே படாமல் போவதில் வியப்பில்லை.

இச்சாய்வுகளுக்கு மாற்றாக 1980களின் இறுதியில் பங்கேற்பு முறை ஊரக மதிப்பீடு எழுந்தது. இந்தியாவில் கர்நாடகத்தின் மைராடா, குஜராத்தின் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் ஆகியவை அதன் முன்னோடிகள். மக்களே தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டார்கள், விதைகளைக் கொண்டு தேவைகளை வரிசைப்படுத்தினார்கள், பருவ நாட்காட்டி அமைத்தார்கள். வல்லுநரின் கையிலிருந்த கோல் மக்கள் கைக்கு மாறிவிட்டது என்றே பேசப்பட்டது. பத்தாண்டுக்குள் கடுமையான மறுவாசிப்பும் வந்தது. அதில் முக்கியமானவர் மானிடவியலாளர் டேவிட் மோஸ். இராசத்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் எல்லையில் பீல் பழங்குடியினரிடையே பிரித்தானிய நிதியுதவியுடன் 1990களில் நடந்த ஒரு வேளாண் திட்டத்தில் அவரே ஆலோசகராக இருந்தவர். அவர் கண்டது இதுதான். பங்கேற்பு மதிப்பீடு என்பது பொதுவெளியில், வெளியாட்கள் முன்னிலையில் நடக்கும் நிகழ்ச்சி. பொதுவெளியில் பேசப் பழகியவர்களின் கருத்து ஊரின் கருத்தாக உருமாறுகிறது. பெண்களின் அறிவும் கவலையும் பொதுவாக அந்த வடிவத்துக்குள் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் திட்டம் எதைத் தரும் என்பதை ஊர் விரைவிலேயே கணித்துவிடுகிறது. மண் அரிப்புத் தடுப்பும் மரக்கன்றும் தருபவர்களிடம் அவையே எங்கள் தேவை என்று சொல்லப்படுகிறது. திட்ட ஊழியர்களுக்கும் அந்த விடை வசதியாக இருப்பதால், திட்டத்தின் முன்முடிவு மக்களின் தேவை என்ற முத்திரையோடு திரும்பி வருகிறது.

மோஸின் வாதத்தை ஏமாற்று வேலையைப் பற்றிய குற்றச்சாட்டாக வாசிப்பவர்கள் அதன் கூர்மையைத் தவறவிடுகிறார்கள். ஊரார் பொய் சொல்லவில்லை. கிடைக்கக்கூடியதைக் கேட்பது ஏழையின் பகுத்தறிவு. கூலி உயர்வு வேண்டும், கடனிலிருந்து மீட்சி வேண்டும், வனத்துறையின் கெடுபிடி நிற்க வேண்டும் என்று மரக்கன்று கொண்டுவந்தவரிடம் கேட்டு என்ன பயன்? உள்ளூர் அறிவு என்று நாம் கொண்டாடும் ஒன்று கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையிலான உறவில்தான் உருவாகிறது. கருவியை மாற்றினால் போதும், உண்மை தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே நிற்க இடமின்றிப் போகிறது.

4. கிராம சபை என்னும் அரங்கு

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபையைத் தேவைகளைப் பேசும் சட்டப்பூர்வ அரங்காக்கின. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் என்று நான்காக இருந்த கூட்டங்கள், 2022 முதல் உலக நீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாயின. ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் முறை 2015 வாக்கில் நாடு முழுவதும் வந்தது. கூட்டத்தைச் சுழற்சி முறையில் வெவ்வேறு குக்கிராமங்களில் நடத்த வேண்டும், மத வழிபாட்டு வளாகங்களில் நடத்தக் கூடாது என்றெல்லாம் அரசாணைகள் சொல்கின்றன. இடம் விடையைத் தீர்மானிக்கும் என்பதை அறிந்த யாரோ எழுதியவை அவை. அந்த அளவில் பாராட்டத்தக்கவை. ஊர்த் தெருவின் கோயில் திடலில் கூடும் சபைக்குக் காலனியிலிருந்து வருபவர் எங்கே நிற்பார், எவ்வளவு பேசுவார் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

ஆனால் அரங்கு திறந்திருப்பதால் மட்டும் குரல்கள் சமமாகிவிடுவதில்லை. தமிழ்நாட்டுக் கிராம சபைப் பேச்சுகளைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, கணினி வழியே பகுப்பாய்வு செய்த ஓர் ஆய்வை ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் 2019இல் வெளியிட்டார்கள். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே பேசுகிறார்கள், பேச்சின் பொருளைத் திசைதிருப்பும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு, அலுவலர்களிடமிருந்து பொருத்தமான பதில் பெறும் வாய்ப்பும் குறைவு என்பது அதன் முடிவு. ஊராட்சித் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது மேம்படுகிறது என்பதையும் அதே ஆய்வு கண்டது. திட்டமிடுபவருக்கு இந்த இரண்டாவது கண்டறிதல்தான் அதிகம் பயன்படும். மேசைக்குப் பின்னால் யார் அமர்ந்திருக்கிறார் என்பது, மேசைக்கு முன்னால் எந்தத் தேவைக்கு மதிப்பு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 வரை குறைந்தபட்ச வருகை வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்து உட்காரவைப்பது பரவலாக அறியப்பட்ட நடைமுறை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வருகைப் பதிவேட்டில் பெண்கள் மிகுந்திருப்பதைப் பங்கேற்பு என்று எழுதும் அறிக்கை, எண்ணை மட்டும் படித்துவிட்டு அந்த எண் எப்படி வந்தது என்பதைப் படிக்காமல் விட்ட அறிக்கை.

பணத்தின் வடிவமும் இதே வேலையைச் செய்கிறது. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. குடிநீரும் கழிவகற்றலும் முக்கியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பணம் எதற்கென்று முடிவாகிவிட்ட பிறகு, ‘உங்கள் ஊருக்கு என்ன தேவை?’ என்று திறந்த கேள்வி கேட்பதில் ஒரு நாடகத்தன்மை வந்துவிடுகிறது. ஊராட்சித் தலைவர்களுக்கு இது தெரியும். இரண்டு மூன்று சபைகளில் கலந்துகொண்டவர்களுக்கும் தெரியும். தெருவிளக்கு, சிமெண்ட் சாலை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என்று விடைகள் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இருப்பதற்கு மக்களின் கற்பனை வறட்சி காரணமில்லை. எது சாத்தியம் என்று அவர்கள் கற்ற பாடமே காரணம்.

எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாத தேவைகளும் உண்டு. 2016 இறுதியில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை அகற்ற ஆணையிட்டதை அடுத்து, 2017இல் பல கடைகள் ஊர்களுக்குள் இடம்பெயர்ந்தன. பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். கடை வேண்டாம் என்று கிராம சபைகள் தீர்மானம் போட்டன. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. இவையும் தேவைகள்தாம்: ஒன்று வராமல் இருக்க வேண்டும், இருப்பது பறிபோகாமல் இருக்க வேண்டும் என்னும் தேவைகள். தேவை மதிப்பீட்டுப் படிவங்களோ இல்லாததைக் கொடுப்பதற்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. ஓர் ஊர் தன் வாழ்வில் மிக முக்கியமென்று கருதும் செய்தி, அதன் தேவை அறிக்கையில் ஒரு வரிகூட இடம்பெறாமல் போக அந்த வடிவமே போதும்.

கேரளத்தின் மக்கள் திட்ட இயக்கம் இங்கே ஒப்பிடத்தக்கது. 1996இல் தொடங்கிய அவ்வியக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு வழங்குவதென்று முதலில் அறிவித்தது. அதன் பிறகே சபைகள் கூடின. வார்டு அளவில் கூடிய சபை துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசியது. வந்த விருப்பப் பட்டியல் அப்படியே திட்டமாகிவிடவில்லை. ஒவ்வொரு ஊராட்சியும் தன் வளங்களையும் வரலாற்றையும் திரட்டி வளர்ச்சி அறிக்கை எழுதியது, கருத்தரங்கில் விவாதித்தது, பணிக்குழுக்கள் அதைத் திட்டங்களாக வடித்தன. குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்க ஆண்டுகளில் பெண்களின் பங்கேற்பும் பழங்குடியினரின் பங்கேற்பும் நலிவாகவே இருந்தன. பெண்களுக்கென 10 விழுக்காடு ஒதுக்க வேண்டிய கட்டாயம் வந்ததே அதனால்தான். ஆயினும் எவ்வளவு பணம், யார் முடிவெடுப்பார் என்பது கேள்விக்கு முன்பே தெளிவாக இருந்ததால், விடை சொல்வது வீண் வேலையாகத் தோன்றவில்லை. அந்த இயக்கத்தின் தீவிர ஆதரவாளர்கள் சொல்லும் அளவுக்கு அது வெற்றியா என்பது தனி விவாதம். வரிசை சரியாக இருந்தது என்பதே இங்கே நமக்கு வேண்டியது.

5. நெருக்கடியில்: நாகப்பட்டினம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வாரங்களில் அங்கு வந்த அமைப்புகளின் எண்ணிக்கையும் அவை நடத்திய மதிப்பீடுகளின் எண்ணிக்கையும் மிகப் பெரியவை. ஒருபுறம் யாரும் கேட்காத பழந்துணி சாலையோரங்களில் குவிந்தது. மறுபுறம் கண்ணாடியிழைப் படகுகள் முன்பு இருந்ததைவிட மிகுதியாக வழங்கப்பட்டன. படகு கண்ணுக்குத் தெரியும் இழப்பு, படம் எடுக்கத் தக்கது, கொடுப்பவர் பெயரை அதன்மேல் எழுதலாம். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் கட்டுக்கோப்பானவை. பட்டியல் தயாரிப்பதும் பகிர்ந்தளிப்பதும் அவற்றின் வழியே விரைவாக நடந்தது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள் யார்? கரையில் மீன் இறக்கியும் தலைச்சுமையாக விற்றும் பிழைத்த தலித்துகள், உப்பளத் தொழிலாளர்கள், இருளர் குடும்பங்கள், கைம்பெண்கள். படகை இழக்காததால் இவர்கள் எதையும் இழக்காதவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள்.

ஆழிப்பேரலை நிவாரணத்தை மதிப்பிட்ட பன்னாட்டுக் கூட்டமைப்பு 2006இல் தேவை மதிப்பீட்டுக்கென்றே ஒரு தனி அறிக்கை வெளியிட்டது. ஒருங்கிணைப்பின்றி ஏராளமான மதிப்பீடுகள் நடந்தன, ஆனால் நிதி எங்கே போக வேண்டும் என்ற பெரிய முடிவுகளில் அவற்றுக்கு மிகக் குறைந்த செல்வாக்கே இருந்தது என்பது அதன் சாரம். பணம் முன்கூட்டியே வந்துவிட்டது, தொலைக்காட்சிக் காட்சிகள் முன்னுரிமையைச் சொல்லிவிட்டன, மதிப்பீடு பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது. அவசரத்தை இதற்குக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அவசரமே இல்லாத ஊராட்சிகளிலும் இதே வரிசைதான் நிலவுகிறது என்பதைச் சற்று முன்பு பார்த்தோம்.

6. மறுப்புகள்

இவ்வளவும் உண்மையானால் மக்களைக் கேட்பதே வீண், வல்லுநர்களே முடிவு செய்துவிடலாம் என்று ஒருவர் வாதிடலாம். சிங்கூர்ச் சான்று அவர் பக்கம் நிற்பதுபோலவும் தோன்றும். உயர் இரத்த அழுத்தம் இருப்பதே தெரியாதவர் அதற்கு மருந்து கேட்க மாட்டார். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எந்தக் கிராம சபையின் கோரிக்கைக்காகவும் காத்திருக்கவில்லை. இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. சொல்லப்படாத தேவையைக் காண வல்லுநரின் அளவுகோல் இன்றியமையாதது. ஆனால் அந்த அளவுகோலும் ஓர் இடத்திலிருந்து பார்ப்பதுதான். மாத்திரை வீடு தேடி வரும் நேரத்தில் அந்தப் பெண் களையெடுக்கப் போயிருப்பார் என்பதை மருத்துவக் கணக்கு சொல்லாது. வல்லுநர் கண்டதை மக்கள் முன் வைத்து, அதை அறிந்த பிறகு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதே இரண்டுக்கும் இடையிலான நேர்மையான வழி. சிங்கூர்ப் பெண்கள் முதல் கேள்விக்குச் சொன்ன விடை அவர்களுடைய இறுதி விடையாக இருந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. தமிழ்நாட்டில் பொதுச் சேவைகள் ஓரளவு நன்றாக நடப்பதற்கு மதிப்பீடுகள் காரணமில்லை, போராட்டமே காரணம் என்பது அது. காலிக் குடங்களோடு சாலையில் உட்காரும் பெண்கள், ரேஷன் கடை முன் வாக்குவாதம் செய்பவர்கள், திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவோடு வரிசையில் நிற்பவர்கள் ஆகியோரின் இடைவிடாத அழுத்தமே அதிகாரத்தை அசைக்கிறது என்று விவேக் சீனிவாசன் 2014இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். பரோமிதா சன்யாலும் விஜயேந்திர ராவும் தென்னிந்தியக் கிராம சபைகளைப் பற்றி எழுதியவையும் இதற்குத் துணை நிற்கும். வேறெங்கும் எதிர்த்துப் பேச முடியாதவர் சபையில் எழுந்து அதிகாரியைக் கேள்வி கேட்பதில், கோரிக்கை நிறைவேறுகிறதோ இல்லையோ, ஒரு தன்மதிப்பு இருக்கிறது என்று அவர்கள் காட்டுகிறார்கள். இந்த மறுப்பை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதிலிருந்து வரும் முடிவுதான் வேறு. மக்கள் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மனுக்களும் நிறைவேற்றிய தீர்மானங்களும் ஊராட்சி அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கட்டுக்கட்டாக இருக்கும்போது, அவற்றைப் பிரித்துப் படிக்காமல் புதிய படிவத்தோடு ஊருக்குள் நுழைவது என்ன மதிப்பீடு? ஐந்து முறை எழுதிக்கொடுத்தும் பதில் வராத கோரிக்கையை ஆறாவது முறை புன்னகையோடு கேட்பவரிடம் ஊர் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் நேரமும் பணமும் ஏது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதிலே போதும். முந்நூறு வீட்டில் எழுபது கேள்வி கேட்டு, அதில் பத்துக்கு மட்டும் அறிக்கையில் விடை எழுதுவதற்குச் செலவிடும் நேரத்தைவிட இது குறைவு.

7. திட்டமிடலுக்கு இதன் பொருள்

முதல் ஆவணமாக எழுதப்பட வேண்டியது வினாப்படிவம் இல்லை, முடிவுக் குறிப்பு. இந்த மதிப்பீட்டின் பேரில் யார், எந்த நிதியிலிருந்து, எந்தத் தேதிக்குள், எதை முடிவு செய்யப்போகிறார். எது அவர் கையில் இல்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. இதை எழுத முடியவில்லை என்றால் மதிப்பீட்டைத் தள்ளிவைப்பது நல்லது. இந்தக் குறிப்பை ஊருக்குச் சொல்லிவிட வேண்டுமா என்பதில்தான் உண்மையான இக்கட்டு. சொன்னால், மோஸ் காட்டியபடி, அதற்கேற்ற விடையே வரும். சொல்லாவிட்டால் ஊர் தானாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் நம் கண்ணுக்கே தெரியாது. ஆகவே சந்திப்புகளை இரண்டு சுற்றாகப் பிரிப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. முதல் சுற்றில் தேவை என்ற பேச்சே வேண்டாம். சித்திரை முதல் பங்குனி வரை ஒரு குடும்பத்தின் ஆண்டு எப்படிப் போகிறது, எந்த மாதம் கடன், எந்த மாதம் தண்ணீர், எந்த மாதம் வேலைக்காக வெளியூர், பள்ளி திறக்கும் ஜூனில் எதை அடகு வைக்கிறார்கள் என்பதைக் கேட்கலாம். இரண்டாம் சுற்றில் பணத்தின் அளவையும் எல்லையையும் வெளிப்படையாகச் சொல்லி, முதல் சுற்றில் வந்தவற்றில் எது இதற்குள் அடங்கும் என்று கேட்கலாம். இரண்டுக்கும் இடையே காணாமல் போகும் செய்திகளே அறிக்கையின் மிக மதிப்புள்ள பகுதியாக இருக்கக்கூடும்.

வராதவர்களின் பட்டியல் வந்தவர்களின் பட்டியலைவிட முக்கியம். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள், முகவரியற்ற இருளர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், திருப்பூர் போன்ற ஊர்களில் வாக்குரிமை வேறு மாநிலத்தில் இருக்கும் தொழிலாளர்கள் ஆகியோரை எந்தச் சபையும் பிரதிநிதித்துவம் செய்வதில்லை. முதல் சந்திப்பு எந்தத் தெருவில் என்பதும் இதனோடு சேர்ந்த முடிவு. ஊர்த் தெருவில் தொடங்கிக் காலனிக்குப் போகும் குழுவும், காலனியில் தொடங்கி ஊர்த் தெருவுக்கு வரும் குழுவும் வெவ்வேறு விடைகளைத்தான் கொண்டுவரும். பெண்களிடம் பெண்களே பேசுவது, கூலி வேலை முடிந்து உலை வைத்த பிறகான நேரத்தைத் தேர்வது, கேட்கப் போகும் இளைஞர்களை இரு பக்கத்திலிருந்தும் எடுப்பது போன்றவை சில்லறை விவரங்களாகத் தோன்றும். ஆனால் இவையே கருவி.

முன்னுரிமைப்படுத்துவதில் ஒரு பழக்கத்தை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். வாக்கெடுப்பிலோ விதை வைத்து வரிசைப்படுத்துவதிலோ எண்ணிக்கை வெல்கிறது. 400 குடும்பங்களுக்குச் சற்றே உதவும் சிமெண்ட் சாலை, நான்கு குடும்பங்களுக்கு உயிர்ப்பிரச்சினையான சக்கர நாற்காலிப் பாதையை எளிதாகத் தோற்கடிக்கும். எத்தனை பேருக்கு என்பதையும் எவ்வளவு கடுமை என்பதையும் இரண்டு தனி வரிசைகளாக வைத்து, கூட்டிச் சராசரி எடுக்காமல் அப்படியே முடிவெடுப்பவர் முன் வைப்பதே முறை. கூட்டிவிட்டால் அவர் செய்ய வேண்டிய அறத் தேர்வை நம் கணக்கு மறைத்துவிடுகிறது. அதேபோல் ‘வேண்டாம்’ என்பதற்கும் படிவத்தில் இடம் வேண்டும்.

மதிப்பீட்டின் செலவுத் திட்டத்தில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று, திரும்பிப் போவது. அறிக்கை தமிழில், ஒரு மணி நேரத்தில் வாசித்து முடிக்கும் அளவில், அதே சபையில் படிக்கப்பட வேண்டும். எந்தத் தேவை ஏற்கப்பட்டது என்பதைவிட எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பது சொல்லப்பட வேண்டும். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெறும் ஊர், அடுத்த முறை வேறு கதவைத் தட்டலாம், வழக்குப் போடலாம், மறியலுக்கும் உட்காரலாம். இங்கே தமிழகத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகளின் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத அப்படிப்பட்ட காலத்தில் ஊரின் தேவை அறிக்கையை வாங்கிக்கொண்டு பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதை, எந்த ஊராட்சியில் மதிப்பீடு தொடங்கினாலும் முடிவுக் குறிப்பின் முதல் வரியிலேயே பதவிப் பெயரோடு எழுதியாக வேண்டும். தனி அலுவலர் மாறுதலாகிப் போனால் அந்தக் கோப்பு யாரிடம் இருக்கும் என்பதை இரண்டாம் வரியில் எழுதலாம்.